மீன் எண்ண வந்த ஆபீசர்

மகாபலிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குக் காலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டு மீனவர் தம் மச்சானிடம் சொன்னார்:

"நேத்து கடலுக்குள்ள மீன் எண்ணினேன், மச்சான்."

"இன்னாது, உயிரோடவா?"

"ஆமா. கடலுக்கடியில பாறை கீதுல்ல, அங்க மீன்வளத்துறை ஆபீசரைக் கட்டுமரத்துல இட்டுகினு போனேன். கண்ணாடிப் பெட்டியைத் தண்ணில வச்சுப் பாத்து எண்ணணுமாம். மீன் கம்மின்னா நம்ம குப்பத்துக்கு வரப்போற, மீன் கெடாம வைக்கிற ஐஸ் ரூம் கோவளத்துக்குப் போயிடுமாம்."

"ஐயையோ! இருந்துச்சா?"

"ஏழே ஏழு. அதுக்குள்ள ஆபீசருக்குத் தலை சுத்தி, தின்ன இட்லியெல்லாம் கடல்லயே வாந்தி எடுத்துட்டாரு. அதைத் தின்னக் கும்பல் கும்பலா மீன் வந்துச்சு பாரு, எண்ணவே முடியல! ‘மீன் ஏராளம்’னு எழுதிட்டாரு. அடுத்த மாசமும் வராராம்."

"அப்ப இன்னா பண்ணுவே?"

"கடலுக்குப் போறதுக்கு முன்னால அவருக்கு நம்ம வூட்லதான் நாஸ்தா. பத்து தோசைக்குக் கொறையாம போடச் சொல்லிக்கீறேன்."