சுகர் மாத்திரை வாங்காத வீடு

அட, சத்தமாவே கேளுங்கய்யா, இங்கன வேற யாரும் இல்ல. கடைக்காரரு சாப்பிடப் போயிருக்காரு. பொண்ணு வீட்டப் பத்தி விசாரிக்கிறவுக முன்னெல்லாம் டீக்கடைக்குத்தான் போவாக. நீங்க வெவரமா மருந்துக் கடைக்கே வந்துட்டீக. அந்த வீட்டுக்குச் சுகர் மாத்திரை போகுதா இல்லையா, அம்புட்டுத்தான தெரியணும்? அதக் கேட்டுட்டு நாளைக்குப் பொண்ணு பாக்க வாரதா, வேணாமான்னு முடிவு பண்ணுவீக. போகலைய்யா. ஒரு அட்டை கூடப் போகல.

நம்ப மாட்டேங்கிறீகளே. ஆமா, அந்தப் பொண்ணு கயல் நடக்குறது உண்மைதான், நான் எதுக்கு மறைக்கப் போறேன்? விடிஞ்சும் விடியாம ஷூவ மாட்டிக்கிட்டு குச்சனூர் ரோட்டுல விறுவிறுன்னு போகும். நோய் நொடி இல்லாம ஒரு வயசுப் பொண்ணு நடக்குமா? நியாயமான கேள்விதான். இந்தத் தெருவுலயே ஒருத்தவுக, அதுக்குச் சனி தோசம், குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு நடந்தே வாரேன்னு வேண்டியிருக்குன்னு கெளப்பி விட்டாக. தெனமும் பாதி ரோட்டுலயே திரும்பிருதே, சாமி கோவிச்சுக்காதான்னு அவுகளுக்கு வேற தனியா ஒரு கவலை.

இன்னும் இருக்கு, அது பண்ணுற அக்கிரமத்தக் கேளுங்க. டீயில சீனி போடாது. சோத்த ஒரு கரண்டி வாங்கிக்கிட்டு, தட்டு நெறைய அவரக்காயும் கீரையும் வச்சுக்கிரும். கலர் சோடா பாட்டிலத் தொடாது. ராத்திரி சாப்பிட்டதும் டிவி முன்னால உக்காராம தெருவுல அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துட்டு வரும். போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில ஜிலேபிய வேணாம்னு சொல்லிருச்சு. அம்புட்டுத்தான், மோர் ஊத்துறதுக்குள்ள அதுக்குச் சுகர்னு ஊரே முடிவு பண்ணிருச்சு. டாக்டருக்குப் படிச்சவுக கூட ரத்தம் எடுத்துப் பாத்துத்தான் சொல்லுவாக. நம்மாளுக எலையப் பாத்தே சொல்லிருவாக. கம்பம் ஊருல இருந்து வந்த ஒரு சம்பந்தம் அந்த ஜிலேபியோடயே போயிருச்சு.

சுகர் வார மாதிரி இருந்துச்சான்னா? இருந்துச்சு. டெஸ்ட் எடுத்தப்ப டாக்டரம்மா சொன்னாக, இன்னும் வரல, ஆனா வார பக்கத்துலதான் நிக்கிற, எடையக் கொறச்சு, நடந்து, சோத்தயும் சீனியையும் கொறச்சீன்னா தள்ளிப் போட்டுரலாம், வராமக் கூடத் தடுத்துரலாம்னு. இது அதக் கேட்டு அப்படியே செஞ்சிருச்சு. அதான் இப்ப குத்தமாப் போச்சு. சும்மா வாங்கித் தின்னுக்கிட்டு வீட்டுலயே கெடந்திருந்தா நல்ல ஆரோக்கியமான பொண்ணுன்னு பேர் எடுத்திருக்கும்.

மாப்பிள்ளையா வரப்போற உங்க அக்கா மகன் நடப்பாரா? ஓ, எதுத்த கடைக்கே பைக்குலதான் போவாரா! தொப்பை இருக்குமே? ரொம்ப நல்லது, வசதியான வீட்டுப் பையன்னு பாத்ததும் தெரியும். டெஸ்ட் எதுவும் எடுத்திருக்காரா? மன்னிச்சுக்கங்கய்யா, மாப்பிள்ளை வீட்டுக்காரக கிட்டக் கேக்கக் கூடாததக் கேட்டுட்டேன்.

கயலோட அப்பாவா? ஆமா, அவருக்கு இருந்துச்சு. ஈஸ்வரபாண்டின்னு பேரு. யாருக்கும் தெரியாமத்தான் வச்சிருந்தாரு. மூத்த பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருந்த நேரம் அது. மாத்திரை வாங்குனா ஊருக்குத் தெரிஞ்சிரும், மருந்துக் கடையில விசாரிச்சுக்கிட்டுப் பொண்ண வேணாம்னு போயிருவாகன்னு, கல்யாணம் முடியிற வரைக்கும் ஒரு மாத்திரை கூட வாங்கல. தாலி கட்டுறப்ப கால்விரல்ல புண்ணு. செருப்புப் போடாம மேடையில நிக்கணுமே, வேட்டியத் தழையத் தழையக் கட்டி மறச்சுக்கிட்டு நின்னாரு. சம்பந்தி வீட்டுல அல்வாவ ஊட்டி விட்டாக, சிரிச்சுக்கிட்டே தின்னாரு. பெறகு வெரலு போச்சு, காலு போச்சு, அப்புறம் அவரும் போயிட்டாரு. பொண்ணு வாழ்க்கை நல்லாருக்கணும்னு நெனச்சதத் தவிர வேற ஒரு பாவமும் அறியாத மனுசன்.

இம்புட்டும் எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்கிறீகளா? இது எங்க மாமா கடைய்யா. நான் பாடம் எடுக்குற பள்ளிக்கூடம் லீவுன்னா, அவரு சாப்பிட்டு வார வரைக்கும் நான் உக்காருவேன். போட்டோவுல வேற மாதிரி இருந்தேனா? அது நடக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்ன எடுத்தது. சதைப்பிடிப்பா இருந்தாத்தான் சம்பந்தம் கூடி வரும்னு எங்கம்மா இன்னமும் அதையே குடுத்து விட்டுக்கிட்டிருக்கு.

எந்திரிக்காதீக, உக்காருங்க. உங்கள வைய மாட்டேன். எங்கப்பா மாத்திரை முழுங்காம அம்புட்டு நாளா யாருக்குப் பயந்துக்கிட்டிருந்தாருன்னு எனக்கு வெளங்காமலே இருந்துச்சு. இன்னைக்குத்தான்யா நேர்ல பாக்குறேன்.