பையனுக்கு ஒரு போர்டு

பிரபாவதி: கடல்ல நின்னுக்கிட்டே துடுப்பு போடற போர்டு இதுவா? படகு மாதிரி இருக்கே!

ஜெகதீசன்: பதினோரு அடி மேடம். நின்னா ஆடவே ஆடாது. புதுசா துடுப்பு புடிக்கிறவங்களுக்கு இதான் சரி.

பிரபாவதி: ஏரியில போறதுக்குன்னா சரி. அலைமேல வரணும்னா இது எங்க திரும்பும்?

ஜெகதீசன்: ...இத்த யாரு சொன்னது உங்களுக்கு?

பிரபாவதி: பையன்தான். போன்ல சொன்னான்.

ஜெகதீசன்: அப்ப இந்த எட்டடியப் பாருங்க. துடுப்ப ஒரு இழுப்பு இழுத்தா சட்டுனு திரும்பும். கொஞ்சம் அசந்தா ஆளக் கவுத்துடும். பையன் வெயிட் இன்னா?

பிரபாவதி: அம்பத்தெட்டு... இல்ல, எழுபது இருப்பான்.

ஜெகதீசன்: எது மேடம்? வெயிட்ட வெச்சிதான் போர்டு சொல்ல முடியும்.

பிரபாவதி: எழுபதுன்னே வச்சுக்கோங்க. ஏன் என்னை மேலயும் கீழயும் பாக்கறீங்க?

ஜெகதீசன்: சும்மாதான்...

பிரபாவதி: அந்த மூலையில துணி போட்டு மூடியிருக்கே, அது?

ஜெகதீசன்: ஒண்ணுமில்ல மேடம். புக் ஆயிடுச்சி.

பிரபாவதி: துணிய எடுங்க. ஒன்பதரை அடி இருக்குமா? பின்பக்கம் நல்லா ஒடுங்கி வந்திருக்கு... இதத்தான் நான்... பையன் கேட்டான்.

ஜெகதீசன்: அத்தக் குடுக்க முடியாது.

பிரபாவதி: விரிசல் விட்டதை ஒட்டி மறைச்சு வச்சிருக்கீங்களா?

ஜெகதீசன்: ஐய, தடவிப் பாருங்க. புத்தம் புதுசு.

பிரபாவதி: அப்ப யார் புக் பண்ணினது?

ஜெகதீசன்: ஒரு கஸ்டமரு.

பிரபாவதி: பேரு?

ஜெகதீசன்: பேரெல்லாம் எதுக்கு மேடம்... இதே மாதிரி வேற ஒண்ணு வரவெச்சித் தரேன். வூடு எங்க?

பிரபாவதி: கல்பாக்கம். டவுன்ஷிப்.

ஜெகதீசன்: டவுன்ஷிப்பா... பையன் பேரு?

பிரபாவதி: ஆதித்யா. ஏன், மூஞ்சி ஒரு மாதிரி ஆகுது?

ஜெகதீசன்: இல்லியே... எங்க கீறாரு அவரு?

பிரபாவதி: ஐதராபாத்ல.

ஜெகதீசன்: ஐதராபாத்துல ஏது மேடம் கடலு?

பிரபாவதி: ...லீவுல வருவான்ல! போர்டு இந்தக் கடற்கரைக் கடையிலயே இருக்கட்டும், வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. செவ்வாய்க்கிழமையில நான் வந்து...

ஜெகதீசன்: செவ்வா வேணாம்!

பிரபாவதி: ஏன் கத்தறீங்க?

ஜெகதீசன்: செவ்வா... கடை லீவு.

பிரபாவதி: வாசல்ல ஏழு நாளும் உண்டுன்னு எழுதியிருக்கே.

ஜெகதீசன்: வியாழன் வாங்களேன்.

பிரபாவதி: நீங்க எதையோ மறைக்கறீங்க.

ஜெகதீசன்: நானா? நீங்கதான் மேடம். வந்ததுலேர்ந்து பாத்துகினுகீறேன். போர்டாண்ட நின்னாலே இடது காலு முன்னாடி போவுது, முட்டி மடங்குது. உள்ளங்கையில துடுப்பு புடிச்சிக் காப்பு காய்ச்சிகீது. பையனுக்கா வாங்குறீங்க?

பிரபாவதி: ...கதவைச் சாத்துங்க.

ஜெகதீசன்: கொட்டாய்க்கு ஏது மேடம் கதவு? சொல்லுங்க.

பிரபாவதி: எனக்குத்தான். கோவளத்துல கத்துக்கறேன். வீட்ல கேளம்பாக்கத்துல தையல் கிளாஸ்னு சொல்லியிருக்கேன்.

ஜெகதீசன்: சாராண்ட சொல்லிட்டா இன்னா? திட்டுவாரா?

பிரபாவதி: திட்டினாக்கூடப் பரவாயில்ல. சுனாமியில அவர் தம்பி அவர் கையிலேர்ந்துதான் நழுவிப் போனார். அன்னிலேர்ந்து எங்க வீட்டு பால்கனி கதவைத் திறந்ததில்ல, கடல் தெரியும்னு. நான் அலைமேல நிக்கறேன்னு தெரிஞ்சா மனுஷர் ஒடைஞ்சு போயிடுவார்.

ஜெகதீசன்: தெரிஞ்சும் ஏன் மேடம் போனீங்க?

பிரபாவதி: மூடின கதவையே எவ்வளவு வருஷம் பார்க்கறது? ஒருநாள் போனேன். மொத அலையிலயே கவுந்து, மூக்கெல்லாம் உப்புத் தண்ணி... சிரிப்பு வந்துது. நான் அப்படிச் சிரிச்சு எத்தனை காலம் தெரியுமா?

ஜெகதீசன்: செவ்வாக்கிழமையே ஏன் மேடம்?

பிரபாவதி: இப்ப அவர் ரிடையர் ஆயிட்டார், எந்நேரமும் வீட்லதான். செவ்வாய்க்கிழமை மட்டும் கூடுவாஞ்சேரியில அவங்க அக்கா வீட்டுக்குப் போவார். நான் சொல்லிட்டேன். நீங்க சொல்லுங்க, அந்த போர்டு யாருக்கு?

ஜெகதீசன்: சத்தியம் பண்ணிக் குடுத்துகீறேன் மேடம்...

பிரபாவதி: யாருக்கு ஜெகதீசன்?

ஜெகதீசன்: சார் கூடுவாஞ்சேரிக்கே போறதில்ல மேடம். பஸ்ஸ வுட்டு எறங்கி நேரா இங்கதான் வராரு. ரொம்ப நாளு மணல்ல ஒக்காந்து தண்ணியவே பாத்துகினு இருந்தாரு. போன செவ்வா மண்டி போட்டு ஏறினாரு, எறங்கசொல்ல அழுதாரு. உங்களுக்குப் பெருசுதான் சரி சார்னேன், ‘ஒருநாள் அலைமேல வரணும்ப்பா’ன்னு இத்தப் புடிச்சிகினாரு. பையன் ஆதித்யாவுக்குன்னுதான் அவரும் சொன்னாரு... ‘பிரபாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுப்பா, கடல்னா அவ நடுங்கிப் போயிடுவா’ன்னு என் கையில அடிச்சி சத்தியம் வாங்கிகினாரு.