ஜோதிகா அமுக்கிய பட்டன்

இரவு ஒன்றே முக்கால். ஞாயிறு லீவு. எங்க ஊர் மண்ணரையில், பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனிகள் இருக்கும் சந்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ராபின் பைக்கைத் தள்ளிக்கொண்டே போனான்... ஸ்டார்ட் செய்தால் வாட்ச்மேன் எழுந்துவிடுவார். நம்ம தெரு முனீஸின் மச்சான்தான் இந்த ராபின். நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

நிட்டிங் மெஷினின் கன்ட்ரோல் பெட்டிக்குள், எல்லா புரோகிராமுக்கும் அடியில் ஓடும் கெர்னலை எழுதியவன் அவன். எழுதியதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். வேகம் வேண்டும் என்று சொல்லிவிட்டால், தேவையில்லை என்று அதற்குத் தோன்றும் வரிகளைத் தூக்கிவிடும். மெஷின் பறக்கும்... ஆனால் ஏதாவது ஆகிவிட்டால், உள்ளே என்ன நடந்தது என்று பார்க்கத் தடயம் இருக்காது.

"ஸ்பீடு பத்தலைங்க ராபின். ஏத்தி உடுங்க," என்றார் முதலாளி தரணீதரன். ஏற்றிவிட்டான்.

எட்டாம் நாள், அவர் கம்பெனியில் வேலை பார்த்த ஜோதிகாவின் துப்பட்டா ரோலரில் சிக்கியது. மெஷின் நிற்கவில்லை. இருபத்திரண்டு வயது.

"அந்தப் புள்ள ஸ்டாப் பட்டனை அமுக்கவே இல்லீங்க," என்று முதலாளி ஊரெல்லாம் சொன்னார். ராபின் மெஷினுக்குள் பதிவைத் தேடினான்; ஒன்றும் இல்லை. பட்டன் அமுங்கியதா என்று பார்க்கும் வரியையே கம்பைலர் தூக்கியிருந்தது.

ஜோதிகாவின் அம்மா ஒச்சம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எம்மவ எதையும் ரெண்டு வாட்டி அமுக்குவாய்யா. கதவக்கூட ரெண்டு வாட்டிதான் தட்டுவா. செத்தவ மேல பழி போடாதீகய்யா."

அதற்காகத்தான் அந்த இரவில் கம்பெனிக்குள் போனான். ஒரு வரியும் தூக்காத, மெதுவான கெர்னலை அதே மெஷினில் போட்டான். உள்ளே நடப்பதெல்லாம் லேப்டாப்பில் வரி வரியாக வந்தது. எண்ணெய் வாசனை... பஞ்சுத் தூசி... பிறகு, துணி கருகும் வாடை.

டக். டக்.

பட்டன் பக்கத்தில் யாரும் இல்லை. திரையில் 'ஸ்டாப்' என்று இரண்டு வரி. கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு. அப்புறமும் இரண்டு...

ராபின் ஓடவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதான். "நீ அமுக்கியிருக்கம்மா... நாந்தான் கேக்க விடாமப் பண்ணிட்டேன்."

விடிந்ததும் அந்த வரிகளை முதலாளியிடம் காட்டினான். அவர் மெஷினை ஓடவிட்டுப் பார்த்தார். "இதுல மெஷின் மெதுவா ஓடுதுங்களே," என்றார். மதியத்துக்குள் வேறு ஆளை வைத்து வேகமான கெர்னலையே திரும்பப் போட்டுவிட்டார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ராபின் வேலையை விட்டுவிட்டான். ஒச்சம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இப்போது தினமும் ராத்திரி அவள் அந்தக் கம்பெனிச் சுவரோரம் போய் நிற்கிறாள். உள்ளே ஓட்டத்துக்கு நடுவே கேட்கிறதாம்... டக், டக்.

மெஷின் நிற்பதில்லை.