புட்டிங்குக்கு ஒரு தப்பு

...டாக்சிய மெதுவாவே ஓட்டுங்கண்ணே. சிக்னல்ல சிவப்பு விழுந்தா இன்னும் நல்லது. பல்கலைக்கழகத்துல எனக்காக யாரும் பந்தல் போட்டுக் காத்துக்கிட்டு இல்ல... ம்ஹும், காத்துக்கிட்டுதான் இருக்காங்க. அதான் வம்பே!

அஞ்சாங்கிளாஸ் வானரங்களோட தினம் மல்லுக்கட்டறது நான். ஆராய்ச்சி பண்றது உஷிஜிமா பேராசிரியர். மத்த வாத்தியாருங்க வந்து பாக்கப்போற ஒரே ஒரு கணக்குப் பாடத்துக்கு வசந்தகாலத்துலேர்ந்து கூட்டம், கூட்டம், கூட்டம்! எந்தப் புள்ள எங்க தடுக்கி விழும்னு முன்கூட்டியே யோசிக்கணுமாம். "குழந்தையோட தப்புலதான் டீச்சர் பாடமே இருக்கு"ம்பாரு. டஸ்டரத் தூக்கி வீசலாம்னு வரும். கரும்பலகையில ஒரு எழுத்த அழிக்கக் கூடாது வேற! புள்ளைங்க யோசிச்ச தடம் போயிடுமாம்.

பாடம் நடத்தற அன்னிக்கு, நம்ம கனசாவா ஊர்ல இருக்கற அத்தன வாத்தியாரும் பள்ளிக்கூடத்துல குடுக்கற விருந்தாளிச் செருப்பு மாட்டிக்கிட்டுப் பின்சுவரோரமா நிக்கறாங்க. ஒரு புள்ளையும் தப்பே பண்ணலேன்னா என் மானம் என்னாகும்? அதனால... சும்மா ஒரு முன்னேற்பாடு. முந்தின நாளே ஒத்திகை பாத்துட்டேன். எல்லாரும் பண்றதுதாண்ணே, கண்ணாடியில அப்படி முறைக்காதீங்க!

ரியோஹெய்னு ஒரு வாலு. "அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டினா அஞ்சுல ரெண்டுன்னு சொல்லு. அப்புறம் ஐயோ தப்புன்னு தலையச் சொறி. மதியச் சாப்பாட்டுல என் புட்டிங் உனக்கு"ன்னேன். புட்டிங்குக்கு எங்க வகுப்புல கொலையே விழும்ணே.

சொன்னான். தலையத்தான் சொறியல!

"காலைல ரெண்டு தடவ பந்து போட்டேன், ஒண்ணு கூடையில விழுந்துச்சு. சாயங்காலம் மூணு தடவ, அதுலயும் ஒண்ணு. மொத்தம் அஞ்சுல ரெண்டுதானே டீச்சர்? இது எப்படித் தப்பு?"ங்கறான். படுபாவி! இத்தன வருசமா சிவப்பு மையில அடிச்சுத் தள்ளியிருக்கேன். எப்படித் தப்புன்னு ஒருத்தனுக்கும் சொன்னதில்ல... எனக்கே தெரியாதுண்ணே. பின்னாடி பாத்தா, உஷிஜிமா கண்ணுல ஆனந்தக் கண்ணீரு!

"எப்படி டீச்சர் இத வரவழைச்சீங்க?"ன்னாரு. இந்த வாய் சும்மா இருந்துச்சா? "எங்க வகுப்புல இதெல்லாம் தானா வரும் சார்"னுடுச்சு.

உடனே பல்கலைக்கழகத்துல வந்து பேசுங்கன்னு கூப்பிட்டுட்டாரு. இப்ப அங்க அரங்கம் பூரா டீச்சராகப் போற பசங்க உக்காந்திருக்காங்க. தலைப்பு என்ன தெரியுமா? "தப்பைத் தானாக மலர விடுவது எப்படி?" பேசப்போறது நான்! அந்த ரியோஹெய் பய என்னடான்னா, அடுத்த தப்புக்கு ரெண்டு புட்டிங் கேக்கறான்.

அண்ணே... வாசல்ல குனிஞ்சு கும்பிட்டுக்கிட்டு நிக்கறாரே, அவர்தான் உஷிஜிமா. நிறுத்தாதீங்க! இன்னொரு சுத்து சுத்துங்க. அந்தப் பந்துக் கணக்குக்கு மட்டும் ஒரு பதில் யோசிச்சுக்கறேன். உங்களுக்காச்சும் தெரியுமா? இல்ல, தெரியாட்டியும்...

ஐயோ, நிறுத்திட்டுக் கதவ வேற ஏண்ணே திறந்துட்டீங்க!