அமைதி முகாமில் ஒரு மைக்

— சார், அந்த மைக்கைக் கொஞ்சம் நிறுத்துங்க. என் பொண்ணைக் காணோம்.

— எங்கயும் போயிருக்க மாட்டா மேடம். வாசல் கேட் பூட்டியிருக்கு. இது அமைதி முகாம். சத்தம், வெளிச்சம், வாசனை எதுவும் தாங்காத பிள்ளைங்களுக்குன்னே கோடை லீவுல நடத்துறோம். இருங்க, அறிவிச்சுடறேன். "அனைவரும் தயவுசெய்து அமைதியாக..."

— மறுபடியும் கீச்சுனு கத்துது பாருங்க.

— அது மைக்கோட சுபாவம். அமைதியா இருங்கன்னு சொன்னா கடைசி வரிசைக்கும் கேக்க வேணாமா?

— கடைசி வரிசையில யார் இருக்கா? எல்லா நாற்காலியும் காத்து வாங்குது. மத்த பிள்ளைங்க எங்க?

— பலூன் வெடிச்சதுல கொஞ்சம் கலைஞ்சிட்டாங்க.

— இங்க எதுக்கு சார் பலூன்?

— வரவேற்புக்குத்தான். வாசல்ல சென்ட்டும் தெளிச்சோம். ரோஜா வாசனை.

— அதான் மூக்கைப் பொத்திக்கிட்டே உள்ள வந்தா. கண்ணைப் பறிக்குதே, அந்தக் கலர் விளக்கு?

— பந்தல்காரர் அன்பாப் போட்டுக் குடுத்தார். வேணாம்னு எப்படிச் சொல்றது?

— நான் சண்டைக்கு வரலை சார். போன முகாம்ல அரை நாள்ல திருப்பி அனுப்பிட்டாங்க. இதுவும் ஒத்து வரலைன்னா லீவு பூரா ஜன்னலைச் சாத்திக்கிட்டு அவளும் நானும்தான். கூட ஒரு சிநேகிதி கிடைப்பாளான்னு ஏங்குறா. அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்.

— வாங்க, பின்பக்கம் போய்ப் பார்த்துடலாம்.

— ஒண்ணு கேக்கட்டா? மைக் கத்தும்போதெல்லாம் காதுல விரலை விடுறீங்களே, ஏன்?

— அரிப்பு.

— உங்க சட்டைக் காலருக்குள்ள லேபிளை வெட்டின நூல் வேற நீட்டிக்கிட்டு இருக்கு. என் பொண்ணு சட்டையில தினமும் பார்க்கிறது. அதான் கண்ணுல பட்டுச்சு.

— லேபிள்... குத்தும் மேடம். அது இருந்தா வேற எதையும் நினைக்க முடியாது.

— அப்போ உங்களுக்கும்...

— மெதுவாப் பேசுங்க. சின்ன வயசுல சத்தம் தாங்காம மேஜைக்கடியில போய் உக்காருவேன். முதுகுல அடி விழும். அப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சேன். மைக் என் கையில இருந்தா, அடுத்த சத்தம் எப்போ வரும்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

— இவ்வளவு தெரிஞ்ச மனுஷனா பலூன் கட்டினீங்க?

— கட்டலைன்னா முகாம் களையே கட்டலைன்னு கமிட்டியில முகத்தைத் தூக்குறாங்க. அமைதி போட்டோவுல விழாதாம்.

— அந்தக் கதவைப் பாருங்க. வெளிய இத்தனை செருப்பு. என் பொண்ணோட நீலச் செருப்பும் கிடக்கு.

— பழைய மெத்தையெல்லாம் அடுக்கி வச்சிருக்கிற ரூம். சத்தம் எட்டாது. இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

— குட்டி, அம்மா வந்திருக்கேன். வீட்டுக்குப் போயிடலாமா?

— வேணாம்மா. நீ சாயங்காலம் வா. அந்த மைக் மாமாவை மட்டும் உள்ள அனுப்பு. மைக் கத்துறப்போ எங்களுக்கு முன்னாடி அவர்தான் காதுல விரலை விடுறாரு.