ஜெஸி டீச்சர் போகாமல் இருந்த காரணம்

கஞ்சியும் பயறும் பிள்ளைகளுக்கு வைத்ததுதான் சார், சூடு ஆறும் முன்னே குடியுங்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து அந்தப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பீர்கள். எலியா எழுதிய மனுவை நீங்கள் வெளியே எடுக்க வேண்டாம். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். எலியா ஜெஸி டீச்சருக்குச் சித்தப்பன். முன்கோபக்காரன், ஆனால் பொய் எழுதுகிறவன் இல்லை.

உங்கள் கேள்வி நியாயமான கேள்விதான். உங்கள் அறக்கட்டளை இந்தப் பக்கத்தில் எத்தனையோ பாலவாடிகளுக்கு உதவி கொடுத்தது. ஒரே டீச்சர் விடாமல் நின்றால் அவளுக்கு மேல்சம்பளம், பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி. டீச்சர் போய்விட்டால் இரண்டும் நிற்கும். மற்ற இடங்களில் எல்லாம் டீச்சர்மார் போய்விட்டார்கள். இங்கே மட்டும் ஜெஸி நான்கு வருஷமாக இருக்கிறாள். அது எப்படி என்று கேட்கிறீர்கள்.

அதற்கு முன்னால் பிரேமகுமாரி என்று ஒரு டீச்சர் இருந்தாள். கல்யாணம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை போனாள். திங்கட்கிழமை காலையில் சுமி வந்து வாசலில் நின்றது. நாலு வயசுப் பிள்ளை. உள்ளே எட்டிப் பார்த்து, டீச்சர் இல்லை என்று கண்டதும் வாயை மூடிக்கொண்டது. ஏழு மாதம் ஒரு சொல் பேசவில்லை சார். ரப்பர் வெட்டப் போகிற அதன் தாய் என் முற்றத்தில் உட்கார்ந்து மாரிலடித்து அழுதாள். ஜெஸி வந்த பிறகுதான் அந்தப் பிள்ளை பேசியது. தட்டை நீட்டி, "பயறு" என்றது. நானும் ஜெஸியும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். இவளை விடக்கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

ஆனால் இருபத்திரண்டு வயசுப் பெண், கல்யாண ஆலோசனை வராமல் இருக்குமா? நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் பையன் வீட்டார் சத்தம் காட்டாமல் வந்து, பெண் வேலை செய்யும் இடத்தில் அக்கம்பக்கம் விசாரிப்பார்கள். பாலவாடிக்குப் பக்கத்து வீடு இது ஒன்றுதான். அதிலும் நான் மகளிர் சங்கத் தலைவி. பகவதியம்மாள் சொல்லிவிட்டால் அடுத்த வீட்டுப் படியை யாரும் மிதிக்க மாட்டார்கள்.

முதலில் பெருங்கடவிளையிலிருந்து வந்தார்கள். பையன் பள்ளிக்கூட வாத்தியார். அவனுடைய மாமன் நீங்கள் இருக்கிற இதே நாற்காலியில் இருந்துகொண்டு, "பொண்ணு எப்படியாக்கும் அம்மா?" என்று கேட்டார்.

"தங்கமான பிள்ளையாக்கும்," என்றேன். "இப்ப ஒண்ணும் இல்ல. நல்ல சுகம் உண்டு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இப்பண்ணா? முன்ன என்னவாக்கும்?"

"வலிப்பெல்லாம் இப்ப எதுக்குப் பேசணும்? அதான் ஒண்ணும் இல்லியே."

அவ்வளவுதான் சார். அவளுக்கு ஒன்றும் இல்லை என்றுதானே சொன்னேன்? அதில் பொய் எங்கே இருக்கிறது?

அதற்குப் பிறகு ஒற்றசேகரமங்கலத்திலிருந்து ஒரு கூட்டம், திருப்புறத்திலிருந்து ஒரு கூட்டம். எல்லாருக்கும் இதே பதில்தான். விசாரித்த வீட்டைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நம் ஆட்களுக்கு ஒரு மரியாதை உண்டல்லவா? "சரிப்படாது" என்று மட்டும் ஆள் சொல்லி அனுப்புவார்கள். ஆலோசனைகளைக் கலைப்பது தம்பி எலியாதான் என்று ஜெஸியின் அப்பா வேதமாணிக்கத்துக்குச் சந்தேகம். வேலித் தகராறு ஏற்கெனவே இருந்தது. பெற்ற தாய் இறந்தபோது எலியாவை வீட்டுக்குள் விடவில்லை. யார் எது கேட்டாலும், "எனக்கெப்படித் தெரியும் மக்கா," என்றுதான் சொன்னேன். எலியாதான் மரியாதை கெட்டவன், நேரே திருப்புறம் போய் அவர்கள் வாயைக் கிண்டி என் பெயரை வாங்கியிருக்கிறான். அண்ணன் வீட்டில் அவன் சொல் எடுபடாது, அதனால்தான் உங்களுக்கு மனு.

நான்காவதாக வந்த கூட்டத்தில் யாரோ வாய்தவறி வலிப்பு என்று சொல்லி அதுவும் முடங்கிய பிறகு ஒரு மத்தியானம் ஜெஸி வந்து அடுக்களையில் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் மத்தியானம் சாப்பிடுவோம். என் கணவர் இறந்த பிறகு இந்த வீட்டில் இன்னொரு தட்டு கழுவ விழுகிறதென்றால் அது அவளுடையதுதான்.

"அக்கா, எனக்கு வலிப்பு உண்டுண்ணு சொல்லுதாவ. ஒறக்கத்துல வந்தா எனக்குத் தெரியாதுல்லா? நான் பம்பாய்ல அத்தை வீட்டுக்குப் போறேன். இங்க எனக்கு இனி முகமில்ல."

இல்லை மக்கா, ஊர் சொல்வது பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவள் பெட்டி கட்டிவிட்டாள் சார்.

"நான் கண்டேன் மக்கா," என்றேன். "போன மாசம், பிள்ளைகளுக்க கூட நீ ஒறங்கும்போ. உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? அத்தை வீட்டுல வந்தா உன்னை யாரு பாப்பாவ?"

இந்த ஒரு இடத்தில் மட்டும்தான் பொய் சொல்லியிருக்கிறேன். அவள் என் தோளில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. மறுநாள் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், எங்களைத் தெரியாத ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். வலிப்பை யார் பார்த்தது என்று கேட்டார். கண் எப்படிச் செருகும், கை எப்படி இழுக்கும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். என் கணவருக்கு அது இருந்தது.

அன்று முதல் வேளைக்கொரு மாத்திரை, என் கையாலேயே கொடுக்கிறேன். முன்னைப்போல ஓடியாடுவதில்லை. பாடும்போது இரண்டாவது வரி மறந்துபோகிறது. பிள்ளைகளோடு அவளும் தூங்கிவிடுகிறாள். நீங்களே ஜன்னல் வழியாகப் பார்த்தீர்கள். அவளுக்கு வலிப்பு கிடையாது சார். ஒரு நாளும் வந்ததில்லை.

சுமி பெரிய பள்ளிக்கூடம் போய் இரண்டு வருஷமாயிற்றே என்கிறீர்கள். இருக்கட்டும். வேறு பிள்ளைகள் இல்லையா?

ஒரு நிமிஷம் இருங்கள், மாத்திரைக்கு நேரமாகிவிட்டது. அவளை இங்கேயே கூப்பிடுகிறேன், நீங்களே கேளுங்கள். "என்னை யாரு கெட்டுவாவ சார், அக்கா இருக்கதுகொண்டு ஜீவிக்கேன்," என்பாள். உங்கள் ஃபாரத்தில் டீச்சர் தங்கியிருப்பதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் உண்டல்லவா? அதில் சொந்த விருப்பம் என்று எழுதிக்கொள்ளுங்கள். வருஷாவருஷம் நான் அப்படித்தான் எழுதுகிறேன்.