கொஞ்சம் நீளமான மூங்கில்

அப்படிப் பாக்கக்கூடாது தம்பி. பனி நாப்பது செண்டிமீட்டர்னு போன்ல போட்டிருக்கு, சரி. எங்க நாப்பது? மலை உச்சியிலயா, நீங்க எறங்கப் போற அடிவாரத்துலயா? கீழ பொடி எழுத்துல இருக்கும், நல்லாப் பாருங்க. உச்சின்னு போட்டிருக்கா? அதத்தான் சொல்றேன். மேல நாப்பது கொட்டுற அன்னிக்குக் கீழ பாதி வந்தா பெருசு. சில நாள் வெறும் மழைதான். டோக்கியோவுலேருந்து மொத தடவையா வர்றீங்க, கேட்டீங்க, சொல்றேன். இல்லேன்னா எனக்கென்ன.

உக்காருங்க, எதுக்கு எந்திரிக்கிறீங்க. பஸ் இப்ப நகராது. முன்னாடி பனி தள்ளுற வண்டி போயிட்டிருக்கு, அது ஒதுக்கி முடிச்சாத்தான் நமக்கு வழி. இந்த மூங்கில் இடிக்குதா? இந்தா, சன்னல் பக்கம் திருப்பி வெச்சுக்கறேன். இதுவா? சும்மா, ஒரு வேலைக்கு. ஏறும்போதே டிரைவர் ஒகாமுரா மொணகினான், கொய்தே ஐயா, இத்தன நீளத்த பஸ்ல ஏத்தலாமான்னு. சறுக்குப் பலகையெல்லாம் ஏத்துறியே, அது மட்டும் குட்டையான்னு கேட்டேன். கதவச் சாத்திட்டு வண்டிய எடுத்தான்.

அடுத்தது காத்து. அதையும் பாக்கணும். அது சைபீரியாவுல கெளம்பி, வழியில கடல் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கிட்டு, எங்க நீகாதா மலைல வந்து முட்டும். முட்டி, அத்தனையும் எங்க தலைல கொட்டிட்டு, வெறுங்கையோட உங்க ஊருக்கு வரும். அதான் அங்க வானம் துடைச்ச மாதிரி இருக்கு. இங்க டிசம்பர் வந்துட்டா சூரியன மறந்துடணும். காத்து பலமா அடிச்சா, சறுக்க வர்றவங்கள உச்சிக்கு ஏத்துற மேல் லிஃப்ட நிறுத்திடுவாங்க. அப்புறம் நாப்பது விழுந்தா என்ன, நாலு ஆள் உயரம் விழுந்தா என்ன, மேல போகவே முடியாது. விடுதில உக்காந்து சீட்டு ஆடலாம்.

சந்தோஷம்தான், இல்லேங்கல. ஊரே சந்தோஷமாத்தான் இருக்கு. விடுதிக்காரங்க, கடைக்காரங்க, இந்த ஒகாமுரா, எல்லாருக்கும் பனி வேணும். சீசன் தொடங்குறப்ப பூசாரியக் கூட்டிட்டு வந்து, லிஃப்டுக்கு முன்னால பனில சாக்கேச் சாராயம் தெளிச்சு ஒரு பூசை போடுவாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு பேருக்கு. மனசுக்குள்ள அத்தன பேரும் வேண்டிக்கறது வேற. நல்லாக் கொட்டணும், மே மாச லீவு வரைக்கும் கரையாம நிக்கணும். போன டிசம்பர்ல நானும் முன்வரிசைல நின்னு கும்பிட்டேன். மிச்ச சாக்கேயில ரெண்டு கிண்ணம் குடிச்சேன்.

இப்ப எனக்கு வேணாம். இனிமே ஒரு பொட்டு விழக்கூடாது, விழுந்ததும் சீக்கிரம் போயிடணும். இந்த ஊர்லயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் வேணாம். விடுதிக்காரங்க காதுல விழுந்தா அடிக்க வருவாங்க. என்னது, கூரைப்பனி தள்ளுறது கஷ்டமா? அதுவும் இருக்கு. முதுகு முன்ன மாதிரி இல்ல. அப்படியே வெச்சுக்குவோம்.

எறங்குனதும் லிஃப்டுக்குப் பக்கத்துல ஒரு கரும்பலகை பாப்பீங்க. பனி ஆழம் இவ்வளவு, நிலைமை நன்றுன்னு எழுதியிருக்கும். எழுதுறது சறுக்குமலை ரோந்துக்குழுத் தலைவர் ஹோஷினோ. என் மச்சான்தான், வீட்டுக்காரிக்கு அண்ணன். எங்க கல்யாணப் பேச்சுலயே, பள்ளிக்கூடத்தப் பாதில விட்டவனுக்கா என் தங்கச்சின்னு கேட்ட மனுசன். ஆமா, பழைய கதைதான். மறக்கறதுக்கு எனக்கு யாரும் சொல்லித் தரல. அவ இப்பவும் அண்ணன் வீட்டுக்குப் போறா, வர்றா. போகாதேன்னு நான் சொன்னதில்ல. நான் அந்த வாசல்ல பூட்ஸக் கழட்ட மாட்டேன், அவ்வளவுதான்.

அந்தப் பலகைல எழுதாத ஒண்ணு இருக்கு. புதுப் பனி எவ்வளவுன்னு போடுவாங்க. அது எதுமேல விழுந்துச்சுன்னு போட மாட்டாங்க. நாலு நாள் மழையில்லாம, காத்தில்லாம, ராவெல்லாம் வானம் தெளிஞ்சு கெடந்தா, பழைய பனி மேல கண்ணாடித்தூள் மாதிரி ஒரு பூ பூக்கும். பாக்க அழகா இருக்கும். அதுமேல கனமா விழுந்தா, ஒட்டாது.

எனக்கு எங்க தெரியும்? பையன் சொல்லுவான். நவோகி. அதே ரோந்துக்குழுல இருந்தான், மாமன்கிட்ட வேலை. சாப்பாட்டு மேசைல தட்டுல எள்ளத் தூவி, மேல ஒரு டோஃபு கட்டிய வெச்சு, இப்படி மெதுவா சாய்ப்பான். ஒண்ணும் ஆகாது. இன்னும் சாய்ப்பான், ஆகாது. பாருங்கப்பா பாருங்கப்பாம்பான். திடீர்னு மொத்தமா வழுக்கி மேசைல விழும். சாப்புடற பொருள வெச்சு என்னடா வெளையாட்டுன்னு அவங்கம்மா திட்டுவா. ஹோஷினோவும் ஒரு தடவ கூட இருந்தாரு. நல்லாச் சிரிச்சாரு.

ஆங், வண்டி நகருது. நான் பாலத்துக்கிட்ட எறங்கிக்குவேன். அங்க ஸ்டாப் கெடையாது, ஆனா ஒகாமுரா எனக்கு நிறுத்துவான். வாய்தான் மொணகும். அவனும் ரெண்டு நாளு அங்க தேடுனவன்தான்.

யாரையா? நவோகியத்தான்.

இந்த ஜனவரில. இதே மாதிரி ஒரு நாப்பது விழுந்த காலைல. கீழ லிஃப்டுல ஜனம் வரிசை கட்டி நிக்குது. மேல் ஓடைப் பக்கம் யாரும் போகாம கயிறு கட்டிட்டு வாடான்னு மாமன் அனுப்பினாரு. கயிறு கட்டத்தான் போனான். சரிவுப் பனி மொத்தமும் அவனையும் வாரிக்கிட்டு ஓடைக்குள்ள வந்துடுச்சு, பாலம் வரைக்கும். நீளக் கம்பி குத்திப் பாத்தாங்க, நாய் விட்டுப் பாத்தாங்க. அதுக்குள்ள இன்னும் கொட்டப் போவுதுன்னு வானிலை சொல்லிடுச்சு. ஹோஷினோ எல்லாரையும் மேல வரச் சொல்லிட்டாரு. ஒருத்தனுக்காக இத்தன பேர அதுக்கு அடில நிறுத்த மாட்டேன், மே மாசம் பனி எறங்கட்டும், எடுத்துடலாம்னாரு. நியாயம்தான். நியாயமா இருந்தா அந்தாளு மூஞ்சில முழிக்கணும்னு இருக்கா?

படம் வெச்சு ஊதுபத்தி கொளுத்தலாம்ங்கறா வீட்டுக்காரி. மொதல்ல அவன் வீடு வந்து சேரட்டும்னுட்டேன்.

அட, எதுக்கு நீங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறீங்க. லீவு போட்டு வந்திருக்கீங்க, நல்லா சறுக்குங்க. கயிறு கட்டியிருந்தா தாண்டாதீங்க, அவ்வளவுதான்.

இந்த மூங்கிலா? பாலத்தோரம் ஒண்ணு நட்டு வெச்சிருந்தேன், பனி எவ்வளவு எறங்குதுன்னு பாக்க. போன வாரம் வந்தா அதோட நுனியக் கூடக் காணல. அதான் இது கொஞ்சம் நீளம்.

அந்தப் போனக் கொஞ்சம் இன்னொரு தடவ காட்டுங்க, கண்ணு தெரியல. நாளைக்கு எவ்வளவு போட்டிருக்கு? அதுக்கு மறுநாளு?

அப்ப இதுவும் பத்தாது.

ஒகாமுரா, பாலம் வந்துடுச்சு. நிறுத்து.